கல்லீரல் அறுவைக்குப் பின் ரத்த உறைவு: ஐ.என்.ஆர். தரும் பொய்யான நிம்மதி

1. ஆய்வுப் பொருள்

கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பின் மருத்துவர்களை முதலில் வாட்டும் கவலை ரத்தப்போக்கு. அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறுகிறது, தட்டணுக்கள் குறைகின்றன. பரிசோதனை முடிவில் ஐ.என்.ஆர். 1.8 என்று கண்டதும், உறைவைத் தடுக்கும் அன்றைய ஹெபாரின் ஊசி நிறுத்திவைக்கப்படுவதுண்டு. ரத்தம் இனி எளிதில் உறையாது என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை தவறானது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. ஐ.என்.ஆர். காட்டாதது

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. உறைவை அடக்கிவைக்கும் புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் முதன்மை உற்பத்தியிடமும் அதுவே. கல்லீரல் குறையும்போது இரண்டு வகையும் குறைகின்றன: தராசின் இரு தட்டிலும் எடை இறங்குகிறது. ரத்தநாள உட்சுவரில் உருவாகி உறைவுக்கு உதவும் எட்டாம் காரணியும் வான் வில்லிபிராண்டு காரணியுமோ கூடுகின்றன. ஐ.என்.ஆர்., வார்ஃபரின் மருந்தின் விளைவைக் கண்காணிக்க வகுக்கப்பட்ட அளவுகோல். உறைவை அடக்கும் புரதங்களின் குறைவு அதில் தெரிவதில்லை.

3. சான்றுகள்

3.1 டென்வர், 1963: தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலாகக் கல்லீரல் மாற்று அறுவை செய்த குழந்தை ரத்தப்போக்கால் இறந்தது. அடுத்து வந்தவர்களுக்கு ரத்தப்போக்கை அடக்கும் சிகிச்சை தரப்பட்டது. அறுவையின்போது ரத்தத்தை மாற்றுவழியில் செலுத்திய பிளாஸ்டிக் குழாய்களில் உறைகட்டிகள் உருவாகி நுரையீரலுக்குச் சென்றன. ரத்தப்போக்கைத் தடுக்க எடுத்த முயற்சியே வேறொரு மரணத்துக்கு வழிவகுத்தது.

3.2 அமெரிக்கா, 2012: கல்லீரல் வெட்டு அறுவை செய்துகொண்ட 5,651 பேரின் தரவுகளை ஆராய்ந்த ஆய்வு, சிரை உறைவின் அபாயம் ரத்தப்போக்குச் சிக்கலின் அபாயத்தை விஞ்சுகிறது என்று முடிவு கூறியது.

4. உறைவு நேரும் இடங்கள்

4.1 கால் சிரைகள்: படுத்தே கிடப்பதாலும் புற்றுநோயாலும் இங்கு உறைவு உண்டாகிறது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உறவினருக்காகக் கல்லீரல் பகுதியைத் தானம் தந்த ஆரோக்கியமானவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

4.2 போர்ட்டல் சிரை: எஞ்சிய கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு இதன் வழியே வருகிறது. இது அடைபட்டால் கல்லீரல் வளர்ச்சி தடைபடும், செயலிழக்கவும் கூடும். டாப்ளர் ஸ்கேன் இதைக் கண்டறிய உதவும்.

4.3 கல்லீரல் தமனி: மாற்று அறுவையில் புதிய கல்லீரலின் பித்தநாளங்கள் இத்தமனியையே நம்பியுள்ளன. அறுவை முடிந்த சில நாட்களில் அடைப்பு நேர்ந்தால் அவை அழுகும். உடனே அடைப்பை நீக்க வேண்டும், இல்லையேல் மறுபடியும் மாற்று அறுவை தேவைப்படலாம்.

5. தடுப்பு

அறுவைநாளிலேயே காற்றழுத்தக் காலுறை, இயன்றவரை விரைவில் நடமாட்டம், ரத்தக்கசிவு அடங்கியதும் குறைமூலக்கூறு ஹெபாரின் ஆகியவை அடிப்படை. வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய் அறுவை பற்றி 2002இல் வெளியான ஆய்வில், எனோக்ஸாபரின் ஊசியை ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிறுத்தாமல் 4 வாரம் தொடர்ந்தபோது, சிரை உறைவு 12 விழுக்காட்டிலிருந்து 4.8 விழுக்காடாகக் குறைந்தது.

6. முடிவு

ஊசியை நிறுத்துவதற்கு உரிய காரணங்கள் உண்டு: வடிகுழாயில் புது ரத்தம், சரியும் ஹீமோகுளோபின், மிகக் குறைந்த தட்டணுக்கள். இவை எதுவும் இல்லாதபோது, ஐ.என்.ஆர். ஏற்றத்தை மட்டும் காட்டி ஊசியை மறுப்பது நோயாளியைப் பாதுகாப்பின்றி விடுவதாகும்.