வயிற்றுக்குள் ஒரு பெல்ட் - ஒரு சின்ன சரித்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். காபி குடித்து முடிக்கும்வரை டெல்லி வெயில், ஆபீஸ் கதை என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவர், என் வீட்டம்மா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணா, நீங்க வயித்துக்குள்ள பெல்ட் போட்டிருந்தீங்களாமே... எனக்கும் டாக்டர் வெயிட் குறைய ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றார். ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"

ஆமாம், போட்டிருந்தேன். 2008ல் புனேயில் போட்டது, 2016ல் டெல்லியில் எடுத்தது. அந்த எட்டு வருட சகவாசத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. தம்பியிடம் சொன்னதை, அந்தப் பெல்ட்டின் சரித்திரத்தோடு சேர்த்துக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். நம்மைப் போல மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று பெட்டி தூக்குகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

(நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்க்காரன். பட்டவன் என்ற தகுதி மட்டும்தான். உங்கள் உடம்புக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.)

எடை குறைக்க அறுவை சிகிச்சை என்பது நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1954ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் என்ற மருத்துவர்கள், சாப்பாடு சிறுகுடலின் பெரும்பகுதியைத் தொடாமலே போய்விடும்படி குடலை மாற்றி இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். எடை நன்றாகவே குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் கோளாறு எல்லாம் வந்தன. பிற்காலத்தில் அந்த முறையே கைவிடப்பட்டது.

அடுத்து அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். அல்சருக்காக இரைப்பையில் பாதியை இழந்தவர்கள் ஒல்லியாகவே இருப்பதைக் கவனித்தவர், 1966ல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். அதன் வாரிசுதான் இன்றைக்கும் செய்யப்படும் பைபாஸ்.

இதெல்லாம் வெட்டி ஒட்டுகிற வேலை. வெட்டாமல், இரைப்பையின் மேல் பகுதியைச் சுற்றி ஒரு கட்டு மட்டும் போட்டால் என்ன என்று 1970களின் கடைசியில் சிலர் யோசித்தார்கள். சாக்குமூட்டையின் கழுத்தைக் கயிற்றால் கட்டுவது போல. மேலே ஒரு சின்னப் பை, கீழே மீதி இரைப்பை, நடுவில் குறுகலான வழி. கொஞ்சம் சாப்பிட்டதும் மேல்பை நிறைந்து 'போதும்' என்று தோன்றும். யோசனை நல்லதுதான், ஆனால் அந்தக் கட்டு ஒரே அளவு. இறுகிப்போனால் ஓயாத வாந்தி, தளர்ந்துபோனால் பலன் இல்லை. சரிசெய்ய வேண்டுமானால் மறுபடி வயிற்றைத் திறக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் சரித்திரம் சுவாரசியமாகிறது. அமெரிக்காவின் நியூஜெர்ஸிக்குக் குடிபெயர்ந்த லுபோமிர் குஸ்மாக் என்ற மருத்துவர், 1983ல் சிலிக்கோனில் செய்த பட்டையைப் போட ஆரம்பித்தார். 1986ல் அதன் உள்பக்கத்தில் ஒரு பலூனை வைத்தார். பலூனிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் வயிற்றுத் தோலுக்கு அடியில் பொத்தான் போல ஒரு போர்ட். தோல் வழியாக ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஸ்வீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் என்ற மருத்துவர்களும் இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்தவர் மிதிகு பெலாச்சு. எத்தியோப்பியக் கிராமத்தில் கால்நடை மேய்த்த சிறுவன், படித்து பெல்ஜியம் போய் சர்ஜன் ஆனவர். 1993 செப்டம்பர் 1ஆம் தேதி, ஹுய் என்ற சின்ன ஊரில், பெரிதாக வயிற்றைத் திறக்காமல் லேப்ராஸ்கோபி துளைகள் வழியாகவே இந்தப் பட்டையைப் போட்டுக்காட்டினார். பிழைப்புக்கும் படிப்புக்கும் ஊர் விட்டு ஊர் போன இரண்டு பேர் கைபட்ட கருவி என்பதில் எனக்கு அப்போது ஒரு அற்ப சந்தோஷம் கூட உண்டு :-)

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவி, 2001ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியது. 2011 வாக்கில் அமெரிக்காவில் நடந்த எடைக்குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒன்று இந்தப் பெல்ட்தான். 2019ல் அதுவே சுமார் ஒரு சதவீதம்! ஏன் இப்படி விழுந்தது? அதற்கு என் கதையே ஒரு உதாரணம்.

2008ல் என் எடை 118 கிலோ. சர்க்கரை எட்டிப்பார்த்துவிட்டது. "எதையும் வெட்டமாட்டோம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்" என்று சொன்னது எனக்குப் பிடித்துப்போனது. காலையில் ஆபரேஷன், மறுநாள் வீடு. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். வலி வயிற்றில் இருக்கும் என்று எதிர்பார்த்தால், தோள்பட்டையில் வலித்தது! உள்ளே நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி இருக்குமாம். அன்று சாயங்காலமே நடக்கவைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அதுதான் மருந்து. பத்தாம் நாள் ஆபீஸ் போனேன். கனமான எதையும் ஒரு மாதத்துக்கு மேல் தூக்கக்கூடாது.

சாப்பாடுதான் பெரிய படலம். முதல் இரண்டு வாரம் வெறும் திரவம். நீர்மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், அதுவும் வாய் வாயாக. அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் அரைத்தது. பிறகு குழைந்தது. ஆறாவது வாரம்தான் சாதாரணச் சாப்பாடு, அதுவும் குழந்தைக்குக் கொடுக்கிற அளவு. பட்டை நகராமல் பதிகிறவரை வாந்தி வரக்கூடாது என்பதற்காக இத்தனை கட்டுப்பாடு. துணைக்கு வந்திருந்த அம்மா, நான் அரைக் கிண்ணம் பருப்பை அரைமணி நேரம் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து சமையலறைக்குள் போய் அழுதாள். திருநெல்வேலியில் பிள்ளை வயிறாரச் சாப்பிடாத வீடு என்ன வீடு?

ஐந்தாவது வாரம் போர்ட்டில் முதல் ஊசி. அதற்கு அப்புறம்தான் பெல்ட் உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது. இது பலருக்குத் தெரியாது. ஆபரேஷன் வெறும் தொடக்கம். பசி அடங்கி, சாப்பாடும் இறங்குகிற அந்தச் சரியான அளவைக் கண்டுபிடிக்க, முதல் வருடத்தில் திரும்பத் திரும்பப் போகவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. நன்றாக மெல்லவேண்டும். பிரெட், சூடான சப்பாத்தி, நாரான கறி எல்லாம் மாட்டிக்கொள்ளும். புனேயில் ஒரு பொங்கல் விழாப் பந்தியில் அவசரமாக விழுங்கிய ஒரு துண்டு மெதுவடை நெஞ்சில் நின்றுவிட, இலையை விட்டு எழுந்து ஓடியிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றரை வருடத்தில் 92 கிலோவுக்கு வந்தேன். சர்க்கரை மாத்திரை நின்றது. பழைய சட்டைகளைத் தானம் கொடுத்தேன். வாழ்க்கையில் ஜெயித்துவிட்ட நினைப்பு.

2011ல் டெல்லிக்கு மாற்றல்.

அங்கே முதலில் போன ஆஸ்பத்திரியில், வேறு இடத்தில் போட்ட பெல்ட்டில் நாங்கள் கைவைப்பதில்லை என்றார்கள். என்ன மாடல், எத்தனை மில்லி ஏற்றியிருக்கிறது என்று கேட்டதற்கு என்னிடம் சரியான காகிதமும் இல்லை. அப்புறம் புது வேலை, குழந்தையின் பள்ளி, வீடு தேடல். புனேக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ராத்திரியில் நெஞ்செரிச்சல், படுத்தால் இருமல். மூன்று தலையணை வைத்துத் தூங்கினேன். கெட்டியான உணவு இறங்காததால் ஐஸ்கிரீம், பாயசம், மில்க் ஷேக் என்று வழுக்கிக்கொண்டு போவதாகத் தின்றேன். பெல்ட்டை ஏமாற்ற இதைவிட எளிய வழி இல்லை. எடை 104.

2016ல் ஒரு நாள் காலை, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அவசரமாகச் சேர்த்து, போர்ட்டிலிருந்து தண்ணீரை எடுத்தார்கள். பெல்ட் நழுவியிருந்தது. இரண்டு நாளில் அதையே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் 112 கிலோ. பெல்ட் போனதும் பசி திரும்பி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது நடை, மாத்திரை, கட்டுப்பாடு என்று 101ல் நிற்கிறேன்.

தப்பு யார்மேல்? பல நாள் யோசித்திருக்கிறேன். பிறகு தற்செயலாக இரண்டு ஆய்வுகளைப் படித்தேன். 2011ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது ஒன்று. பெல்ட் போட்டுப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலானவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்ததில், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதை எடுத்துவிட்டிருந்தார்கள். 2013ல் மெல்போர்னிலிருந்து பால் ஓ'பிரையன் குழு வெளியிட்டது இன்னொன்று. அங்கே பதினைந்து வருடம் கழித்தும் கூடுதல் எடையில் 47 சதவீதம் குறைந்தபடியே இருந்தது. எடுக்கவேண்டி வந்தது 5.6 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் அங்கேயும் பலருக்கு மறு அறுவை தேவைப்பட்டது.

இரண்டு இடத்துக்கும் பல வித்தியாசங்கள் இருக்கும். ஆரம்ப காலத்தில் பெல்ட்டைப் பொருத்திய முறையே வேறு, அதில் நழுவல் அதிகம். ஆனாலும் மெல்போர்ன்காரர்கள் விடாமல் வலியுறுத்திய விஷயம் தொடர் கவனிப்பு. 2004லேயே ஒரு அமெரிக்க ஆய்வு, முதல் வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் டாக்டரிடம் போன பெல்ட்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் எடை குறைந்தது என்று காட்டியது. பைபாஸ் செய்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, பெல்ட் என்பது ஒரு பொருள் மாதிரி விற்கப்பட்டது. உண்மையில் அது ஆயுளுக்கும் ஒரு டாக்டரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். நான் ஒப்பந்தத்தைப் புனேயில் விட்டுவிட்டு, பொருளை மட்டும் டெல்லிக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

தம்பிக்குச் சொல்லியிருப்பது பெல்ட் இல்லை, ஸ்லீவ். இப்போது அதுதான் அதிகம் செய்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவது. ஊசி, போர்ட் எல்லாம் கிடையாது. ஆனால் வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. வைட்டமின்களும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு. நெஞ்செரிச்சல் இதிலும் வரலாம். அதனால் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்:

1. ஐந்து வருடம் கழித்து என்னை யார் பார்ப்பார்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

2. என்ன செய்தார்கள் என்ற முழு விவரக் காகிதத்தை வாங்கி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

3. ஊர் மாறினால், பிள்ளைக்குப் பள்ளி தேடும் அதே வாரத்தில் டாக்டரையும் தேடுங்கள்.

4. வீட்டிலிருப்பவர்களை, முக்கியமாகச் சமைப்பவரை, முதல் ஆலோசனைக்கே கூட்டிப்போங்கள். இல்லையென்றால் பிற்பாடு சமையலறையில் அழுகை கேட்கும்.

இன்னும் வயிற்றில் பெல்ட்டோடு இருப்பவர்கள் நம்மவர்களில் இருக்கலாம். விடாத வாந்தி, எச்சில் இறங்காமை, கடும் வயிற்றுவலி, போர்ட் இருக்கும் இடத்தில் சிவப்பு அல்லது காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி இருமலையும் தலையணை வைத்துச் சமாளிக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், பட்டையைத் தளர்த்தவேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அண்ணா, எனக்கு ஜனவரியில பெங்களூருக்கு மாற்றல் வருது. அதுக்குள்ள இங்கேயே முடிச்சுடலாம்னு நினைச்சேன்" என்றார்.

"டாக்டர் காத்திருக்கலாம்னு சொன்னா, அங்க போயே பண்ணிக்கோங்க தம்பி" என்றேன்.

மறுநாள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டாராம். போன் பண்ணிச் சொன்னார். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அது இருக்கட்டும், நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் அம்மா. மெதுவாகத்தான்.