பெருந்தொற்றும் நீதிபதி நியமனமும்

2021 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தில் ஒரே நாளில் 9 நீதிபதிகள் பதவியேற்றனர். அவர்களுள் ஒருவர் ஈரோட்டைச் சேர்ந்த எம்.எம். சுந்தரேஷ். வழக்கமாகத் தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறையில் நடைபெறும் அந்நிகழ்ச்சி, கரோனா கட்டுப்பாடுகளையொட்டிக் கூடுதல் கட்டட வளாகத்தின் அரங்குக்கு மாற்றப்பட்டது. கொங்கு மண்டலம் பெருமிதம் கொண்ட அந்நாள் ஒரு கேள்வியையும் எழுப்பியது: ஒரே நேரத்தில் 9 பேரை நியமிக்கும் நிலை ஏன் ஏற்பட்டது?

2019 செப்டம்பருக்குப் பிறகு ஏறத்தாழ 2 ஆண்டுகள் உச்சநீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதி எவரும் வரவில்லை. 2019 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தலைமை நீதிபதியாக இருந்த எஸ்.ஏ. பாப்டேயின் பதவிக்காலத்தில் கொலீஜியம் ஒரு பெயரைக்கூட உச்சநீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கவில்லை. உறுப்பினர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை என்று செய்திகள் வெளியாயின. அதிகாரபூர்வ விளக்கம் வரவில்லை. 34 இடங்கள் கொண்ட நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கை 24 ஆகக் குறைந்தது.

அதே பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் நேர்மாறான சர்ச்சை மூண்டது. 2020 செப்டம்பர் 18-இல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மறைந்தார். 8 நாள்களில் ஏமி கோனி பாரெட்டின் பெயரை அதிபர் டிரம்ப் அறிவித்தார். விசாரணையை நடத்தவேண்டிய செனட் நீதித்துறைக் குழுவின் உறுப்பினர்கள் இருவருக்குக் கரோனா தொற்று உறுதியானது. விசாரணையை ஒத்திவைக்குமாறு ஜனநாயகக் கட்சியினர் கோரினர். குடியரசுக் கட்சியினர் மறுத்தனர். அக்டோபர் 12-இல் தொடங்கிய விசாரணையில் சிலர் நேரிலும் சிலர் காணொலி வாயிலாகவும் பங்கேற்றனர். தேர்தலுக்கு 8 நாள்களுக்கு முன்பு, 52-48 என்ற வாக்குகளில் நியமனம் உறுதியானது. 2016-இல் தேர்தல் ஆண்டைக் காரணம் காட்டி மெரிக் கார்லண்டுக்கு விசாரணையே நடத்த மறுத்ததும் அதே கட்சிதான்.

அமெரிக்க முறை நமக்கு முன்மாதிரியன்று. நீதிபதியைக் கட்சிக் கணக்கில் தேர்ந்தெடுக்கும் முறை நீதித்துறையின் மீதான நம்பிக்கையைக் குலைக்கும். ஆயினும் அங்கு அவசரம் காட்டியவர் யார், தடுத்தவர் யார் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர். இங்கோ தாமதத்துக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை.

1993, 1998 ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகளால் உருவான கொலீஜியம் முறையில் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் பெயர்களை முடிவு செய்கின்றனர். இதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நீதித்துறையின் சுதந்திரம் காக்கப்பட்டது. வெளிப்படைத்தன்மை குறித்த வினா அப்படியே எஞ்சியது.

பெருந்தொற்று இதற்குத் தடையாக இருந்தது என்று கூற இயலாது. வழக்குகளையே காணொலியில் விசாரித்த நீதிமன்றத்தில் ஐவர் கூடிப் பேசுவது அரிதன்று. மேலும், உச்சநீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார். உயர்நீதிமன்ற நீதிபதி 62 வயதில். எந்த நாளில் எந்த இடம் காலியாகும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த கணக்கு.

பொருளாதார நோக்கில், தாமதத்தின் செலவு அதை ஏற்படுத்துவோர் மீது விழுவதில்லை. வழக்காடுவோர் மீது விழுகிறது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட பகுதி இது. நீதிமன்றத்தின் ஒரு முடிவு உழவரையும் தொழிலாளரையும் ஒருசேரத் தொடும் என்பதை இங்கு விளக்கவேண்டியதில்லை. அம்முடிவை வழங்கவேண்டிய இருக்கை காலியாக இருப்பதும் அவர்களைத் தொடும்.

உயர்நீதிமன்ற நியமனங்களுக்கு, இடம் காலியாவதற்கு 6 மாதங்களுக்கு முன்பே பரிந்துரை தொடங்கவேண்டும் என்பது நடைமுறை விதி. அத்தகைய காலவரம்பு உச்சநீதிமன்றத்துக்கும் வேண்டும். கொலீஜியமும் மத்திய அரசும் அதைக் கடந்தால் காரணத்தை எழுத்துமூலம் வெளியிடவேண்டும். இதற்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. இரு தரப்பினரின் ஒப்புதல் போதும்.