மிஸ் மார்ப்பிளுக்கு 63 ஆண்டுகளுக்கு முன்

சில நாள்களுக்கு முன் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு விவாதம். துப்பறியும் புதினங்களில் தோன்றிய முதல் பெண் துப்பறிவாளர் யார் என்று ஒரு தோழி கேட்டாள். பெரும்பாலோர் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் என்றனர். ஒருத்தி மட்டும் நான்சி டுரூ என்றாள். மார்ப்பிள் ஒரு சிறுகதையில் அறிமுகமானது 1927-இல். நான்சி டுரூ வந்தது 1930-இல். இருவருக்கும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு முழுமையாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையுடன் படியுங்கள்.

1864-ஆம் ஆண்டு இலண்டனில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஃபாரஸ்டர் என்ற பெயரில் வந்த ‘த ஃபீமேல் டிடெக்டிவ்’. அது ஜேம்ஸ் ரெட்டிங் வேர் என்பவரின் புனைபெயர். மற்றொன்று ‘ரெவலேஷன்ஸ் ஆஃப் எ லேடி டிடெக்டிவ்’. ஆசிரியர் பெயரின்றி வந்த இந்நூலை வில்லியம் ஸ்டீபன்ஸ் ஹேவர்ட் எழுதியதாகக் கருதுகின்றனர். இரண்டும் இரயில் பயணிகள் வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப்போடும் மலிவுப் பதிப்பு வகையைச் சேர்ந்தவை. இரண்டிலும் கதை சொல்பவர் ஒரு பெண். குற்றத்தைத் துலக்குபவரும் அவரே.

இதில் வியப்புக்குரியது வேறொன்று. அந்த ஆண்டில் பிரித்தானியக் காவல்துறையில் பெண் துப்பறிவாளர் என்று ஒருவர்கூட இல்லை. ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் பிரிவு 1842-இல் எட்டு ஆண்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. கைது செய்யும் முழு அதிகாரம் பெற்ற முதல் பெண் காவலர் ஈடித் ஸ்மித், கிராந்தம் நகரில் நியமிக்கப்பட்டது 1915-இல். இலண்டன் மாநகரக் காவல்துறை பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1919-இல். அரசு அரை நூற்றாண்டு கழித்துத் தந்த பணியைக் கதை முன்கூட்டியே தந்துவிட்டது. எப்படி வாசகர்கள் அதை ஏற்றுக்கொண்டனர்?

அதற்கு விடை தேட அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும். 1856-இல் கேட் வார்ன் என்ற இளம் கைம்பெண் சிகாகோவிலிருந்த ஆலன் பிங்கர்டனின் துப்பறியும் நிறுவனத்துக்கு வேலை கேட்டு வந்தார். எழுத்தர் வேலைக்கு வந்திருக்கிறார் என்று பிங்கர்டன் எண்ணினார். அவரோ துப்பறியும் பணியைக் கேட்டார். ஆண் துப்பறிவாளர் நுழைய இயலாத இடங்களில் பெண் நுழையலாம், பிற பெண்களின் நம்பிக்கையைப் பெறலாம் என்பதே அவர் முன்வைத்த வாதம். பிங்கர்டன் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1861-இல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லப் பால்டிமோரில் சதி நடப்பதாகத் தகவல் கிடைத்தபோது, நோயாளித் தம்பியை அழைத்துச் செல்லும் அக்காவாக நடித்து, லிங்கனை இரவு வண்டியில் வாஷிங்டனுக்குக் கொண்டு சேர்த்த குழுவில் வார்ன் இருந்தார். 1868-இல் அவர் இறந்தார். நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் 1871 சிகாகோ பெருந்தீயில் எரிந்துபோயின. எனவே அவரைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி பிங்கர்டன் எழுதியது. வார்ன் தம் குரலில் விட்டுச்சென்றதன்று.

கேட் வார்னின் அந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆண் புக முடியாத இடத்தில் பெண் புகலாம். 1864-இன் இரு நூல்களும் இதே வாதத்தின்மேல்தான் நிற்கின்றன. வீட்டுப் பணிப்பெண்ணாகவும் தையற்காரியாகவும் உள்ளே போய், அடுக்களைப் பேச்சையும் படுக்கையறை அலமாரியையும் அறிந்துவரக்கூடியவர் பெண்தான். ஃபாரஸ்டரின் கதாநாயகி தம் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை. கைம்பெண்ணா, மணமாகாதவரா என்பதையும் சொல்வதில்லை. அவருடைய நண்பர்கள் அவரை ஆடை தைப்பவர் என்றே நம்புகின்றனர். ஹேவர்டின் திருமதி பாஸ்கல் நாற்பதை நெருங்கும் கைம்பெண். கணவர் திடீரென இறந்து கையில் காசில்லாத நிலையில் இவ்வேலைக்கு வந்தவர். ஒரு கதையில், சந்தேகத்துக்குரியவரைப் பின்தொடர்ந்து நிலவறைக்குள் இறங்க வேண்டியபோது, தம் பாவாடையை விரித்துப் பிடிக்கும் கிரினோலின் வளையக்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்குகிறார். அக்காலத்து வாசகர் அதைப் படித்து முகஞ்சுளித்திருக்கலாம், சிரித்திருக்கலாம். எனக்கு அது உடையும் வேலையும் மோதிய இடத்தில் வேலையைத் தேர்ந்துகொண்ட காட்சியாகவே படுகிறது.

ஆனால் இந்தத் தொடக்கம் நேர்க்கோட்டில் வளரவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் பெண் துப்பறிவாளருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆண் அறிவுத்திறனுக்காகத் துப்பறியலாம். பெண் துப்பறிந்தால் அதற்கு ஒரு குடும்பத் துயரம் பின்னணியில் இருந்தாக வேண்டும். வில்கி காலின்ஸ் 1875-இல் எழுதிய ‘த லா அண்ட் த லேடி’ புதினத்தில் வலேரியா துப்பறிவது கணவனுக்காக. முதல் மனைவியைக் கொன்றதாக அவன்மேல் வழக்கு; குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்ற ஸ்காட்லாந்துக்கே உரிய தீர்ப்பு அவனை விடுவித்தது, ஆனால் அவன்மேல் படிந்த களங்கத்தை நீக்கவில்லை. 1897-இல் ஜார்ஜ் ஆர். சிம்ஸ் படைத்த டார்காஸ் டீன் துப்பறிய வந்தது, ஓவியரான கணவர் பார்வையிழந்ததால். 1910-இல் பரோனஸ் ஆர்க்சி எழுதிய ‘லேடி மாலி ஆஃப் ஸ்காட்லாந்து யார்ட்’ கதைகளில் மாலி, அன்று நடப்பில் இல்லாத ஒரு பெண்கள் பிரிவின் தலைவி. சிறையிலிருக்கும் கணவரின் குற்றமின்மையை நிறுவவே அவர் காவல்துறையில் சேர்ந்தார் என்பது இறுதியில் தெரியவருகிறது. நிறுவியதும் வேலையை விட்டு விலகிவிடுகிறார். திறமை உண்டு, வெற்றி உண்டு. ஆனால் அத்திறமை குடும்பத்துக்குக் கடனாகத் தரப்பட்ட ஒன்று. கடன் தீர்ந்ததும் கணக்கு முடிக்கப்படுகிறது.

இந்த வரிசையில் பொருந்தாத ஒருவர் உண்டு. அவரே எனக்கு மிகப் பிடித்தவர். கேதரின் லூயிசா பெர்கிஸ் எழுதிய லவ்டே புரூக். 1893-இல் ‘லட்கேட்’ மாத இதழில் கதைகளாக வந்து, 1894-இல் நூலானது. ஷெர்லாக் ஹோம்ஸை ரைகன்பாக் அருவியில் விழவைத்துக் கானன் டாயில் வாசகரைத் தவிக்கவிட்டதும் அதே 1893-இன் இறுதியில்தான். லவ்டேவுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். செல்வநிலை சரிந்து, நட்பும் உறவும் கைவிட்ட பின், ஃப்ளீட் தெருவிலுள்ள ஒரு துப்பறியும் நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். மீட்க வேண்டிய கணவர் இல்லை. காத்திருக்கும் காதலரும் இல்லை. ஏழு கதைகளின் முடிவிலும் அவருக்குத் திருமணம் நடப்பதில்லை. அடுத்த வழக்குக்குப் போகிறார், அவ்வளவே.

மொழியியல் படித்தவள் என்பதால் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பெர்கிஸ் தம் கதாநாயகியை அறிமுகப்படுத்தும்போது எதிர்மறைகளையே அடுக்குகிறார். உயரமும் இல்லை, குட்டையும் இல்லை; கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை; அழகும் இல்லை, அழகின்மையும் இல்லை. பெண்ணின் தோற்றத்தை உவமைகளால் நிரப்பிய ஒரு காலத்தில் இப்படி ஓர் அறிமுகம். வாசகர் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. லவ்டே பார்ப்பதை மட்டுமே நாமும் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதே அவருடைய தொழிற்கருவி.

முப்பதாண்டு கழித்து மிஸ் மார்ப்பிள் எடுத்துக்கொண்டதும் இதே கருவிதான். முதல் உலகப்போருக்குப் பின் 1921-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் அதிகமாக இருந்தனர். மணமாகாப் பெண்களை ‘மிகையான பெண்கள்’ என்றே செய்தித்தாள்கள் பேசின. சமூகம் மிகை என்று ஒதுக்கிய அந்தப் பெண்களைத்தான் துப்பறியும் புதினம் பணிக்கு அழைத்தது. டாரதி சேயர்ஸின் மிஸ் கிளிம்ப்சன் 1927-இல் வந்தார். அதே ஆண்டு கிறிஸ்டியின் மார்ப்பிள். 1928-இல் பட்ரிசியா வென்ட்வொர்த்தின் மிஸ் சில்வர். மூவரும் மணமாகாதவர்கள். பின்னல் ஊசியோடு மூலையில் அமர்ந்திருக்கும் முதியவளின் முன்னிலையில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஊர்வம்பு என்று ஏளனம் செய்யப்பட்ட பேச்சையே மார்ப்பிள் சான்றாக மாற்றுகிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேட் வார்னின் வாதம் இந்தியாவில் கதையாக வருமுன் சட்டமாக வந்தது என்பது என் எண்ணம். நாசிக்கில் 1866-இல் பிறந்த கார்னிலியா சொராப்ஜி ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்று 1892-இல் தேர்வெழுதினார். பெண் என்பதால் பட்டம் கிடைக்க 30 ஆண்டுகள் ஆயின. இந்திய நீதிமன்றங்களிலும் அவரால் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய முடியவில்லை. ஆயினும் 1904-இல் வங்காள அரசு அவருக்கு ஒரு பதவி தந்தது. கோஷாவில் வாழ்ந்த நிலக்கிழார் குடும்பத்துப் பெண்கள் ஆண் அதிகாரிகளைச் சந்திக்க மாட்டார்கள். அவர்களுடைய சொத்து கண்முன்னே களவு போனாலும் சொல்ல வழியில்லை. அந்தத் திரைக்குப் பின்னே செல்ல அரசுக்கு ஒரு பெண் தேவைப்பட்டார். பெண் வழக்கறிஞராகத் தொழில் நடத்தலாம் என்ற சட்டம் வந்ததோ 1923-இல்தான். அந்தப்புரக் கதவு திறந்து 19 ஆண்டுகள் கழித்தே நீதிமன்றக் கதவு திறந்தது.

சுஜாதா மேசி 2018-இல் வெளியிட்ட ‘எ மர்டர் ஆன் மலபார் ஹில்’ இந்த வரலாற்றிலிருந்தே பிறந்த புதினம். 1921 பம்பாய். பர்வீன் மிஸ்திரி என்ற பார்சிப் பெண், தந்தையின் சட்ட அலுவலகத்தில் பணிபுரிகிறார். நீதிமன்றத்தில் வாதாட அவரால் இயலாது. ஆனால் ஆலை முதலாளி ஒருவரின் மூன்று கைம்பெண்டிர் தங்கள் மஹரை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டது தாமாகவா, கட்டாயத்தாலா என்று அவர்களிடமே கேட்டறியக்கூடியவர் அவர் ஒருவரே. இங்கே துப்பறிதல் என்பது, மூடிய அறைக்குள் இருக்கும் பெண்ணுக்குத் தான் எதில் கையெழுத்திடுகிறாள் என்று தெரியுமா எனக் கேட்பது. அந்தக் கேள்விக்கு இன்றும் வயதாகிவிடவில்லை.

வங்காளம் இத்துறையில் முன்னோடி. பிரபாவதி தேவி சரஸ்வதி, கிருஷ்ணா என்ற இளம்பெண்ணைத் துப்பறிவாளராக்கி ஒரு வரிசை நூல்களையே எழுதினார். பின்னாளில் சுசித்ரா பட்டாச்சார்யா படைத்த பிரக்ஞாபாரமிதா, டாகுரியாவில் கணவரோடு வாழ்ந்து ‘தேர்ட் ஐ’ என்ற நிறுவனத்தை நடத்துபவர். வாசகர்கள் அவரை ‘மிதின் மாஷி’ என்றே அழைக்கின்றனர். மாஷி என்றால் நம் சித்தி, பெரியம்மா. சத்யஜித் ராயின் ஃபெலு, ‘ஃபெலுதா’ என அண்ணன் ஆனதைப் போல இவர் சித்தி ஆனார். தமிழில் பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலாவும் ராஜேஷ்குமாரின் ரூபலாவும் பல்லாயிரம் வாசகர்களுக்கு அறிமுகமானவர்கள். ஆனால் பரத் இல்லாத சுசீலாவை, விவேக் இல்லாத ரூபலாவை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

மேற்கில் இந்த இணைச்சொல்லைக் கழற்றியவர்கள் எழுபதுகளுக்குப் பின் வந்தவர்கள். 1972-இல் பி. டி. ஜேம்ஸின் 22 வயது கார்டீலியா கிரே, பங்காளி தற்கொலை செய்துகொண்ட பின் நிறுவனத்தைத் தனியாக நடத்துகிறாள். இது பெண்ணுக்கு ஏற்ற வேலையல்ல என்று சந்திப்பவரெல்லாம் அவளிடம் சொல்கின்றனர். 1982-இல் சூ கிராஃப்டனின் கின்சி மில்ஹோனும் சாரா பரெட்ஸ்கியின் வி. ஐ. வார்ஷாவ்ஸ்கியும் வந்தனர். இவர்கள் துப்பறிவதற்கு யாரிடமும் காரணம் சொல்வதில்லை. பெண்கள் எழுதும் துப்பறியும் நூல்களுக்கு மதிப்புரை கிடைப்பதில்லை என்று கண்டு, 1986-இல் பரெட்ஸ்கியும் பிறரும் சேர்ந்து ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். துப்பறிந்தவர் கண்ணில் படாதிருந்தது கதைக்கு உதவியது. எழுதியவர் கண்ணில் படாதிருந்தது யாருக்கும் உதவவில்லை.

இறுதியாகச் சொல்லைப் பற்றிச் சில. ‘துப்பறிவாளர்’ என்ற தமிழ்ச்சொல் இருபாலுக்கும் பொதுவானது. ஆயினும் இந்தப் பதிவு முழுவதும் நான் ‘பெண் துப்பறிவாளர்’ என்றே எழுதியிருக்கிறேன். பொதுச்சொல் என்று நாம் நம்புவது உண்மையில் ஆணையே குறிக்கிறது என்பதற்கு என் எழுத்தே சான்று. 1864-இன் நூல்களும் 1894-இன் நூலும் தலைப்பிலேயே ‘ஃபீமேல்’ என்றும் ‘லேடி’ என்றும் அறிவித்துக்கொண்டன. கின்சியின் நூல்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் துப்பைக் குறிக்கும் ‘குளூ’ என்ற சொல்லும் முதலில் நூற்கண்டையே குறித்தது. கிரேக்கக் கதையில், புதிர்க்கோட்டைக்குள் சென்ற தீசியஸ் வழி தவறாமல் திரும்பி வரக் கையில் நூற்கண்டைக் கொடுத்து அனுப்பியவள் அரியாட்னி. திரும்பி வந்தவனுக்கு வீரன் என்ற பெயர் கிடைத்தது. அவளை அவன் வழியில் ஒரு தீவில் விட்டுவிட்டுப் போனான்.

லவ்டே புரூக் கதைகள் காப்புரிமை நீங்கி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதுவரை படிக்காதவர்கள் முதல் கதையிலிருந்தே தொடங்கலாம். தமிழில் தனித்து நின்று துப்பறியும் பெண்ணைக் கொண்ட பழைய நூல் ஏதேனும் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், தலைப்பையும் பதிப்பாண்டையும் கீழே குறிப்பிடுங்கள். பாட்டிகளும் சித்திகளும் வார இதழிலிருந்து கிழித்துத் தைத்து வைத்த தொகுப்புகளாக இருந்தால் இன்னும் நல்லது.