புழக்கடையிலிருந்து மொட்டை மாடிக்கு



நம்ம ஆரணியில் பழைய பட்டு நெசவு வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். முன்னாடி தறி, அதைத் தாண்டி சமையல், அதுக்கும் பின்னாடி துண்டு இடம் புழக்கடை. பாத்திரம் கழுவுற தண்ணி போற இடத்தில் ஒரு வாழை, ஓட்டு மேல ஏறின சுரைக்கொடி, அவரைப் பந்தல், கொஞ்சம் அரைக்கீரை. தறி வேலைக்குக் கூலி உண்டு. பந்தல் வேலைக்கு யாரும் கூலி போட்டதில்லை, கணக்கு எழுதினதும் இல்லை.

அரசாங்கங்களுக்கு இந்தத் தோட்டம் ஞாபகம் வந்தது பெரும்பாலும் தட்டுப்பாடு வந்தப்போதான். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடிச்சதும் அங்கேயிருந்து வந்த அரிசி நின்னுபோச்சு. சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது, உணவு உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி இயக்கமும் வந்தது. அதே சமயம் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னாங்க. 1943-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் வெள்ளை மாளிகையிலேயே தோட்டம் போட வைத்தார். சண்டை முடிஞ்சதும் பல பேர் விட்டுட்டாங்க. நம்ம நாட்டில் 1965-ல் பிரதமர் சாஸ்திரி வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னதைப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க. கியூபாவுக்கு 1991-க்குப் பிறகு சோவியத் எண்ணெயும் உரமும் வராமப் போக, ஹவானா நகரத்துக் காலிமனையெல்லாம் கீரைப் பாத்தியாச்சு.

இதுக்குள்ள நம்ம புழக்கடையில் கக்கூஸ், செப்டிக் டேங்க், இன்னொரு தறின்னு வந்து மண்ணே இல்லாமப் போச்சு. மிச்சம் இருக்கிறது மொட்டை மாடிதான். 2013-ல் தமிழ்நாடு அரசு பை, விதை, தென்னை நார்க்கழிவு எல்லாம் சேர்த்து மானியத்தில் மாடித்தோட்டத் தளை கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. முதலில் சென்னைக்கும் கோவைக்கும்தான். நம்மள மாதிரி சின்ன ஊருக்கு அப்போ இல்லை!

நார்க்கழிவு எதுக்குன்னா, ஈர மண் பாரம் தளத்துக்கு ஆகாது. நார்க்கழிவு லேசு, ஈரத்தையும் பிடிச்சு வைக்கும். அரிசி கழுவின தண்ணியே ஊத்தலாம். சாயம் தோய்ச்ச தண்ணியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீங்க.

போன மாசம் நான் ஆறு அரிசிச் சாக்கில் சிறுகீரை விதைச்சேன். ஒன்பது கட்டு வந்தது. கட்டு 15 ரூபாய்னு வெச்சா 135 ரூபாய். "இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றார் வீட்டுக்காரர். பால் கணக்குக்குக் கீழேயே எழுதி வெச்சிருக்கேன்.