ஆன்டிஜென் காட்டும் செல்கள்: தமிழ்நாட்டுச் சான்றுகளோடு ஒரு வரலாறு

நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிருமியை நேரில் கண்டு அடையாளம் பிடிக்கத் தெரியாது. வேறொரு செல் கிருமியை விழுங்கி, அதன் புரதத்தைத் துண்டு போட்டு, தன் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ. மூலக்கூறில் ஏற்றிக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டுபவையே ஆன்டிஜென் காட்டும் செல்கள். டென்ட்ரிட்டிக் செல், மேக்ரோபேஜ், பி செல் ஆகியவை இதில் முதன்மையானவை. திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடும்போது நடப்பதும் இதுவே. 0.05 மி.லி. மருந்து தோலுக்குள் ஏறியதும், அங்கிருக்கும் செல்கள் மருந்திலுள்ள வீரியம் குறைத்த கிருமியை ஏந்திக்கொண்டு அக்குளிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. டி செல்கள் அதைச் சந்திப்பது அங்கேதான். சில வாரங்களில் ஊசி போட்ட இடம் புடைத்து, உடைந்து, ஆறித் தழும்பாகிறது. தழும்பு விழுந்துவிட்டதாலேயே காசநோயிலிருந்து காப்பு கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. டி செல்லுக்குக் கிருமி எந்த விதத்தில், எந்தச் சூழலில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தே காப்பு அமைகிறது.

தோலில் கிளைவிட்ட செல்களை 1868இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டார். அப்போது மாணவராக இருந்த அவர் அவற்றை நரம்புச் செல்கள் என்று எண்ணினார். 1973இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஸான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கண்ட செல்லுக்கு டென்ட்ரிட்டிக் செல் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே ஸிங்கர்நாகலும் டோஹர்ட்டியும், டி செல் அந்நியப் பொருளை மட்டும் பார்ப்பதில்லை, அதை ஏந்தி நிற்கும் சொந்த உடலின் மூலக்கூறையும் சேர்த்தே பார்க்கிறது என்று நிறுவினார்கள். ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அது பரிசுக் குழுவுக்கே தெரியாது. இந்தச் செல்களை வெறும் தூதர்களாக எண்ணிய காலம் 1980களோடு முடிந்தது. துண்டைக் காட்டுவதோடு, கூடவே சுரக்கும் வேதிப்பொருளால் டி செல் எந்த வகையாக மாற வேண்டும் என்பதையும் இவை சொல்கின்றன. காசநோய், தொழுநோய்க் கிருமிகளுக்கு எதிராக முக்கியமானது இன்டர்லூக்கின்-12. அதை உணரும் ஏற்பி பிறவியிலேயே பழுதான சிலருக்குச் சாதுவான பி.சி.ஜி. கிருமியே உடலெங்கும் பரவிவிடுவதை 1998இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

கிருமியின் குணமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று வாதிடலாம். தொழுநோய் அதை ஏற்கவிடாது. அதன் கிருமி உலகெங்கும் மரபணு அளவில் ஏறத்தாழ ஒன்றே. ஆனாலும் ஒருவருக்கு உணர்ச்சியற்ற ஓரிரு வெளிர்ந்த படைகளோடு நோய் அடங்குகிறது. இன்னொருவரின் தோலெங்கும் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. முதலாமவரின் படையில் இன்டர்லூக்கின்-12 ஓங்கியிருக்கும். இரண்டாமவரிடம் அதை அடக்கும் இன்டர்லூக்கின்-10 ஓங்கியிருக்கும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனை கிருமியைக் காட்டும் விதமே காப்பைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்குப் பெரிய சான்றும் பெரிய சங்கடமும் ஆகும். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அந்தச் சோதனையில், பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து காப்பு கிடைக்கவில்லை என்று 1979இல் தெரிந்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளிடம் மட்டும் சிறு பலன் தெரிந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகள் மக்களின் டி செல்களை முன்பே பழக்கியிருந்ததால் ஊசிக்குக் கூட்டிக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை என்பது முதன்மையான விளக்கம். 2002இல் மலாவியையும் பிரிட்டனையும் ஒப்பிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. ஊசிக்குப் பின் பிரிட்டன் இளைஞர்களிடம் டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் எதிர்வினை வெகுவாக உயர்ந்தது; மலாவியில் அது முன்பே இருந்ததால் சிறிதே கூடியது. ஆனால் அதே செங்கல்பட்டில் பி.சி.ஜி. தொழுநோயை ஓரளவு தடுத்ததே, அது எப்படி? முன்பழக்கம் தடையென்றால் இங்கும் அல்லவா தடுத்திருக்க வேண்டும்? இதற்கு முழு விடை இல்லை. தோலில் காட்டும் செல்லும் நுரையீரல் காற்றறைகளில் காசக் கிருமியை முதலில் விழுங்கும் மேக்ரோபேஜும் ஒரே விதமாக நடப்பதில்லை என்பது விடையின் ஒரு பகுதியாகலாம். இன்னொன்று: ஏரிப்பாசன நெல் நாட்டில் கிடைத்த முடிவை, கண்மாய் வற்றிக் கிடக்கும் திருச்சுழி வட்டாரத்துக்கு அப்படியே பொருத்துவது அவசரம். ஈரமண்ணில் தழைக்கும் கிருமிகள் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

துண்டைக் காட்டும் எச்.எல்.ஏ. மூலக்கூறே ஆளுக்கு ஆள் வேறுபடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ராமசாமி பிச்சப்பன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியக் காசநோயாளிகளிடம் எச்.எல்.ஏ.-டிஆர்2 வகை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அது உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை, பசியும் நெரிசலும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்ற மறுப்பு நியாயமானது. ஒரே வீட்டில், ஒரே சோற்றை உண்பவர்களில் ஒருவர் மட்டும் விழுவதை விளக்கவே இந்த வேறுபாடு உதவும். ஒரு ஊரின் நோய்ச்சுமையை விளக்க அல்ல. காட்டும் செல்களின் அளவும் நிலையானதல்ல: கோவிட் காலத்தில் சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 60 முதல் 80 வயதுள்ளோருக்கு பி.சி.ஜி. போட்டுப் பார்த்தது. ஒரு மாதத்தில் அவர்களின் இரத்தத்தில் டென்ட்ரிட்டிக் செல்களின் விகிதம் கூடியிருந்தது. அந்தக் கூடுதல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை ஒரு மாதக் கணக்கு சொல்லாது.