"அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தாம்": நடத்தையும் சாட்சியமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் ஒரு பட்டறையில் செம்புக் கம்பி களவு போனால், விசாரணை தொடங்கும் முன்பே பெயர்கள் உலவத் தொடங்கிவிடுகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருப்போர், அகதிகள் முகாமில் வாழ்வோர், ஏரிக்கரை இருளர் ஆகியோரைச் சுட்டி, "அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தாம்" என்று ஒருவர் சொன்னால் போதும். நம் ஜமாஅத்தாரும் இதற்கு விலக்கல்லர். ஒருவருடைய பழக்கத்தைக் கொண்டு அவருடைய குற்றத்தைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி நீதி வரலாற்றில் மிகப் பழையது.

மதீனாவில் அன்சாரித் தோழர் ஒருவரின் கவசம் களவு போயிற்று. பனூ உபைரிக் குடும்பத்தார் மீது ஐயம் எழுந்தபோது பழி வேறொருவர் மீது திருப்பப்பட்டது. தப்சீர் நூல்களில் விவரங்கள் வேறுபடுகின்றன; பல அறிவிப்புகளில் பழி சுமத்தப்பட்டவர் ஒரு யூதர். குலத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மவர் மார்க்கமும் ஒழுக்கமும் உடையவர் என வாதிட்டனர். அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கி, மோசடிக்காரர்களுக்காக வாதாடுவதைத் தடுத்தன. ஊரார் தந்த நற்சான்று பொய்த்தது, குற்றமற்றவர் காப்பாற்றப்பட்டார். யூஸுஃப் அத்தியாயத்தின் 77ஆம் வசனத்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். தம்பி திருடினான் என்றதும், இவனுடைய சகோதரனும் முன்பு திருடியவன்தான் என்று அண்ணன்மார் கூறுகின்றனர். இரண்டுமே பொய் என்பதை ஓதுவோர் அறிவர்.

ஃபிக்ஹு நூல்கள் நடத்தையை ஆராயும் இடம் வேறு. சாட்சி சொல்பவரின் நேர்மையை, அதாவது 'அதாலத்'தை, காழீ விசாரித்தறிய வேண்டும். அதற்குத் 'தஸ்கியா' என்று பெயர். ஒருவருக்கு நற்சான்று கூற வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டதாக அறிவிக்கப்படுகிறது: நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா, பயணம் சென்றதுண்டா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வரவே, நீர் அவரை அறியமாட்டீர் என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிவாசலில் தொழக் கண்டது மட்டும் போதவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம், குற்றம் சாட்டப்பட்டவர்களை நல்லவர் என அறியப்பட்டோர், தீயவர் என அறியப்பட்டோர், நிலை அறியப்படாதோர் எனப் பிரித்து, தீயவர் எனப் பெயரெடுத்தவரிடம் ஆட்சியாளர் கடுமை காட்ட இடம் தருகிறார். அக்கடுமை எங்கே நிற்க வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. ஆயினும் 'ஹத்' தண்டனைக்குக் கெட்ட பெயர் ஆதாரமாகாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில், ஃபவ்ஜ்தாரி அதாலத்தின் கீழிருந்த குற்றவியல் நீதிமன்றங்களில் காழீகளும் முஃப்திகளும் இருந்து ஃபத்வா வழங்கினர். 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் பிறந்தது. அதன் 14ஆம் பிரிவிலுள்ள எடுத்துக்காட்டு ஒன்றை எம் மாணவர்களுக்கும் சொல்வதுண்டு. ஒருவர் மற்றொருவரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. அதே மனிதரை அவர் முன்பும் சுட்டார் என்பதை நீதிமன்றம் கேட்கும். கொல்லும் நோக்கில் ஆட்களைச் சுடுவது அவருக்கு வழக்கம் என்பதைக் கேட்காது. 53ஆம் பிரிவு குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் நன்னடத்தையை ஏற்றது. 54ஆம் பிரிவு தீய நடத்தையை விலக்கியது. முந்தைய தண்டனையை முதலில் தாராளமாக அனுமதித்த அப்பிரிவு 1891இல் இறுக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் இவை 47, 49ஆம் பிரிவுகளாக நிற்கின்றன.

விந்தை என்னவெனில், ஸ்டீபன் சட்ட உறுப்பினராக இருந்த அதே காலத்தில், 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டமும் வந்தது. தனி மனிதரின் தீய பழக்கத்தைக் கூண்டில் பேசக் கூடாதென்ற அரசு, முழுச் சமூகங்களையும் பழக்கக் குற்றவாளிகள் என அறிவித்தது. 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் இது பரவியது. நம் மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீங்கியது.

பெயர் நீங்கியதே தவிர எண்ணம் நீங்கவில்லை. பழக்கக் குற்றவாளி என்று ஒருவரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கும் நடவடிக்கையில், ஊரார் பேச்சையே ஆதாரமாகக் கொள்ளச் சட்டம் இன்றும் இடமளிக்கிறது. அது நிர்வாக நடுவர் முன் நடப்பது, குற்ற விசாரணையன்று. பொன்னேரி கோட்டத்து ஏழைத் தொழிலாளிக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை.

வழக்கில் சிக்கிய இளைஞருக்காக ஜமாஅத் கடிதத்தாளில் நற்சான்று கேட்டு வருவோர் பலர். உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளையும் நிர்வாகிகள் தம்மிடமே கேட்டுக்கொள்வது முதற்கடமை. அடுத்து, கடிதம் மட்டும் போதாது. அவரை அறிந்தவர் நேரில் வந்து சாட்சி கூற வேண்டியிருக்கும். மேலும், தற்காப்புத் தரப்பு நன்னடத்தையைப் பேசியவுடன், அதை மறுக்க அரசுத் தரப்பு தீய நடத்தையைக் கொண்டுவரலாம். பழைய தண்டனையும் அப்போது உள்ளே வரும். ஆகவே முன்பு தண்டனை பெற்றவராயின், வழக்கறிஞரைக் கேளாமல் நற்சான்று கொடுத்தனுப்புவது அவருக்கே தீங்காக முடியலாம்.