கானாவின் கொக்கோ: காடு வாங்கிய உழவர்களின் கதை

கானாவின் கொக்கோ வரலாற்றைப் பெரும்பாலும் ஒரு மனிதரிடமிருந்தே தொடங்குவார்கள். டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1879இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து, அக்ரா நகருக்கு வடக்கே அக்வாபிம் மலைத்தொடரில் உள்ள மாம்போங்கில் நட்டார் என்பது அந்தக் கதை. அவருக்கு முன்பே பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் ஊழியர்கள் அதே மலையில் கொக்கோவை நட்டுப் பார்த்திருந்தார்கள் என்பதால், முதலில் நட்டவர் யார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் விதை வந்த கதையும் தொழில் வளர்ந்த கதையும் ஒன்றல்ல. அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட அந்தக் காலனி 1891இல் ஏற்றுமதி செய்தது வெறும் 80 ராத்தல் கொக்கோ. 1911இல் சுமார் 40,000 டன் ஏற்றுமதி செய்து உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இதில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்களுக்கு இருந்த பங்கு மிகச் சொற்பம். அப்படியானால் இருபதே ஆண்டுகளில் இதைச் சாதித்தது யார்?

சோற்றுக்கு விளைவித்துவந்த எளிய குடியானவர்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு கன்றுகளை ஊன்றினார்கள், காட்டு மண் தானே விளைத்துக் கொடுத்தது என்பதுதான் நீண்டகாலம் சொல்லப்பட்ட விடை. பாலி ஹில் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஊர் ஊராக விசாரித்து, நில வரைபடங்களைச் சேகரித்து, 1963இல் வெளியிட்ட நூல் இந்த விடையைத் தகர்த்தது. அக்வாபிம் மக்கள் பாமாயிலிலும் ரப்பரிலும் ஈட்டிய பணத்தோடு டென்சு ஆற்றைக் கடந்து மேற்கே போனார்கள். ஆளில்லாமல் கிடந்த காட்டை அங்கிருந்த அக்கிம் அபுவாக்வா நாட்டுத் தலைவர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். தந்தைவழிச் சொத்துரிமை கொண்டவர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து பெருநிலம் வாங்கி, ஓடைக்கரை போன்ற ஓர் எல்லையில் கயிறு பிடித்து அளந்து, அவரவர் கொடுத்த பணத்துக்கேற்ற அகலத்தில் நீண்ட பட்டைகளாகப் பிரித்துக்கொண்டார்கள். தாய்வழிச் சொத்துரிமை கொண்டவர்களோ குடும்ப நிலமாக வாங்கி உறவினர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். வரைபடத்தில் ஓரிடம் ரிப்பன் ரிப்பனாகவும் இன்னோரிடம் கட்டம் கட்டமாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். தானே விளைந்த காட்டுக்கு இப்படிப்பட்ட எல்லைக்கோடுகள் இருக்க முடியாது.

கொக்கோ உடனே பலன் தரும் பயிரும் அல்ல. கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை வாழையும் சேப்பங்கிழங்கு வகைகளும் இளங்கன்றுக்கு நிழலாகவும் வீட்டுக்கு உணவாகவும் இருந்தன. காயை உடைத்து, வழவழப்பான சதையோடு விதைகளை வாழையிலையில் குவித்து மூடி, ஆறேழு நாள் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் காயப்போட வேண்டும். சரக்கைத் தலைச்சுமையாகவோ, பீப்பாயில் அடைத்துச் சாலையில் உருட்டியோ துறைமுகத்தை நோக்கிக் கொண்டுபோனார்கள். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டக்கூட உழவர்களே பணம் திரட்டி ஒப்பந்தக்காரர்களை அமர்த்தியிருக்கிறார்கள். முதல் தோட்டத்தின் வருமானம் அடுத்த காட்டை வாங்கப் போயிற்று. ஆதாயத்தை மீண்டும் முதலாக்கி, பல ஆண்டு கழித்து வரும் பலனுக்காக இன்றே பணம் போடுபவரை முதலாளி என்றுதான் சொல்ல வேண்டும்.

காலனி அரசுக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1890இல் அபுரியில் தொடங்கப்பட்ட தாவரவியல் தோட்டம் கன்றுகளை வழங்கியது. ரயில் போக்குவரத்துச் செலவைக் குறைத்தது. ஆனால் செகொண்டியிலிருந்து புறப்பட்ட முதல் ரயில்பாதை தங்கச் சுரங்கங்களுக்காகப் போடப்பட்டது. அக்ராவிலிருந்து கொக்கோ விளையும் பகுதியின் ஊடே சென்ற பாதை உள்நாட்டு நகரமான குமாசியைத் தொட்டது 1923இல். உலகின் முதலிடத்தைப் பிடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. நிலங்களின் மீது அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 1897இல் வந்தபோது, உள்ளூர்ப் படித்தவர்களும் தலைவர்களும் சங்கம் அமைத்து எதிர்த்து, 1898இல் லண்டனுக்கே தூது அனுப்பி அதைக் கைவிடச் செய்தார்கள். நிலம் உள்ளூர்க் கைகளில் தங்கியதில் இந்தப் போராட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்த முதலாளிகள் யாருடைய உழைப்பில் வளர்ந்தார்கள்? குமாசியைச் சூழ்ந்த அசாந்திப் பகுதியில் தொடக்ககாலக் கொக்கோ விரிவாக்கத்தில் அடிமைகளும், கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டவர்களும், கூலியற்ற மனைவி மக்களும் உழைத்ததை வரலாற்றாசிரியர் கேரத் ஆஸ்டின் விரிவாக நிறுவியிருக்கிறார். பிறகு வடக்கிலிருந்தும் அண்டைப் பிரெஞ்சுக் காலனிகளிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள். ‘அபுசா’ என்ற வார முறையில் பறித்ததில் மூன்றில் ஒரு பங்கு பெற்றார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. முதலாளித்துவத்தின் துணிவு அங்கே இருந்தது என்றால் அதன் சுரண்டலும் இருந்தது. அப்பாவிக் குடியானவர் என்ற சித்திரத்தை இரண்டுமே கலைக்கின்றன.

அவ்வளவு திறமைசாலிகள் பின்னர் ஏன் செழிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை தோட்டத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. 1937இல் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் கூடிப் பேசி விலையைக் கட்டுப்படுத்த முயன்றபோது உழவர்கள் மாதக்கணக்கில் சரக்கை விற்காமல் நிறுத்தி, பிரிட்டன் விசாரணைக் குழு அனுப்பும் நிலையை உருவாக்கினார்கள். ஆனால் கொக்கோ முழுவதையும் தானே வாங்கும்படி 1947இல் வந்த அரசுக் கொள்முதல் வாரியம் அந்தப் பேரம் பேசும் வலுவையே எடுத்துக்கொண்டது. உலக விலை உச்சத்தில் இருந்த 1954இல், அப்போதைய பிரதமர் என்குருமாவின் அரசு உழவருக்கான விலையை 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று நிர்ணயித்தது. உலக விலையில் மிச்சம் நாட்டின் வளர்ச்சிக்கு என்றது. அந்தப் பணத்தில் பள்ளியும் சாலையும் வந்தன என்பது உண்மைதான். ஆனால் ஆதாயத்தை அடுத்த காட்டில் போட்டு வளர்ந்தவர்களிடம் ஆதாயமே மிஞ்சாதபோது, வயதான மரங்களை மாற்ற எவரும் முன்வரவில்லை. 1960களின் நடுவில் ஐந்தரை லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், காட்டுத்தீயும் வறட்சியும் சேர்ந்து தாக்கிய 1983இல் ஒன்றரை லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. உழவருக்கு முதலீட்டைக் கற்றுத்தர வேண்டும் என்று இன்றும் திட்டம் தீட்டுபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். அந்தப் பாடம் அவருக்கு நூறாண்டுக்கு முன்பே தெரியும். முதலீடு செய்யப் போதுமான விலைதான் அவருக்குக் கிடைக்கவில்லை.